மோர்ட்டன்-இன்-மார்ஷைச் சுற்றியுள்ள தோட்டங்கள்: அம்மாவுடன் போய்வந்த அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

கோடை நெருங்கும்போது இங்கிலாந்தில் வசிக்கும் நம்மவர் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு லண்டனைக் காட்டி முடித்த பிறகு, அவர்களை வேறு எங்கே அழைத்துப் போவது? பெரும்பாலோர் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் இருக்கும் போர்ட்டன்-ஆன்-த-வாட்டருக்குக் காரை விடுகிறார்கள். அழகான ஊர்தான். ஆனால் ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சிற்றாற்றங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. காரை நிறுத்த ஒரு மணி நேரம் சுற்றியவர்களை எனக்குத் தெரியும். அங்கிருந்து சுமார் எட்டு மைல் வடக்கே, அதே ரோமானியச் சாலையில், மோர்ட்டன்-இன்-மார்ஷ் என்ற சந்தை ஊர் இருக்கிறது. அந்த ஊரைக் கடந்து போனவர்கள் பலர்; இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு ஆறு ஆண்டுகளில் நான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு முறை அம்மா உடன் வந்தார். அவருக்கு வயது 71. வலது முழங்காலில் வலி உண்டு. முட்டை கலந்த எதையும் தொடமாட்டார். எனவே, எங்கே எவ்வளவு படி ஏற வேண்டும், எங்கே உட்கார முடியும், எதைச் சாப்பிட முடியும் என்பவையும் இந்த மதிப்பீட்டில் அடங்கும்.

முதலில் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து ரெடிங், ஆக்ஸ்ஃபோர்ட் வழியாக வுஸ்டர் செல்லும் ரயில் மோர்ட்டனில் நிற்கிறது; லண்டனிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து கடைத்தெரு நடக்கும் தூரம்தான். ரோமானியர் போட்ட ஃபாஸ் வே சாலையே கடைத்தெருவாக இருப்பதால், தெரு தேரோடும் வீதியைப் போல நேராகவும் அகலமாகவும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சந்தை கூடும் நாள். 13ஆம் நூற்றாண்டிலேயே சந்தை நடத்தும் உரிமை பெற்ற ஊர் இது. இப்போது அந்தச் சந்தையில் துணி, பாலாடைக்கட்டி, செடி, கைப்பை என்று கலந்து விற்கிறார்கள். அதற்காகவே போக வேண்டிய அளவுக்கு அது பெரிய விஷயமில்லை. தெரு முனையில் நிற்கும் பழைய கல் கோபுரத்தில் 1633ஆம் ஆண்டு பொறித்த மணி இருக்கிறது. இரவில் அடுப்பை அணைக்கச் சொல்லி அதை 1860 வரை அடித்து வந்தார்கள். நடுத்தெருவில் நிற்கும் ரீட்ஸ்டேல் மண்டபத்தை 1887இல் கட்டுவித்தவர், பின்னால் நாம் பார்க்கப்போகும் பேட்ஸ்ஃபோர்ட் தோட்டத்தின் சொந்தக்காரர்.

சாப்பாட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில், சைவம் என்று எழுதியிருந்த காய்கறி சூப்பை வாங்கினோம். கரண்டியைத் தூக்கிய பிறகு எதற்கும் கேட்டுவைப்போம் என்று விசாரித்தபோது, அது கோழி எலும்புச் சாற்றில் கொதித்தது என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் அம்மா அன்று முழுவதும் அந்த ஊரில் தண்ணீரைத் தவிர எதையும் வாங்கிக் குடிக்கவில்லை. ஸ்கோன் என்ற பலகாரத்தின் மேல் பெரும்பாலும் முட்டை தடவியிருப்பார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை புளியோதரையும் வறுத்த அப்பளமும் கட்டிக்கொண்டு போனோம். ஊர் நடுவில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை.

இனி சீசின்கோட். நம்மவர்களிடம் மோர்ட்டன் என்று சொன்னவுடன் கேட்பது இதைப் பற்றித்தான். ஏமாந்து திரும்புவதும் பெரும்பாலும் இங்கிருந்துதான். ஊரிலிருந்து இரண்டு மைல் தொலைவில், கருவாலி மரங்கள் நிறைந்த மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே, பச்சை பூத்த செப்புக் குவிமாடத்துடன் ஒரு முகலாய மாளிகை நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் வங்காளத்தில் பணியாற்றிச் சம்பாதித்த பணத்தோடு திரும்பிய சார்ல்ஸ் காக்கரலுக்காக, கட்டடக் கலைஞரான அவருடைய சகோதரர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரல் 1805 அளவில் இதைக் கட்டத் தொடங்கினார். மயில்தோகை வளைவு கொண்ட ஜன்னல்கள், வெயிலே இல்லாத ஊரில் வெயிலுக்கு மறைப்பாக நீண்டிருக்கும் இறவாணம், மூலைகளில் சிறு மண்டபக் குடைகள், தென்புறத்தில் அரைவட்டமாக வளைந்து செல்லும் கண்ணாடிக் கூடம் என்று வெளித்தோற்றம் முழுக்க வட இந்தியம். உள்ளே போனால் பெரும்பாலும் அந்தக் காலத்து ஆங்கிலச் சீமான் வீடு. பட்டத்து இளவரசர் 1807இல் இங்கே வந்து பார்த்ததாகவும், பிரைட்டனில் 1815 முதல் ஜான் நாஷைக் கொண்டு அவர் எழுப்பிய குவிமாட அரண்மனைக்கு இந்த வீடு தூண்டுதலாக இருந்ததாகவும் சொல்வார்கள். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், பிரைட்டனைவிட இது அடக்கமானது, கண்ணுக்கு உறுத்தாதது என்று சொல்லலாம். ஆனால் ஃபதேபூர் சிக்ரியையோ ஆக்ராவையோ பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, கட்டடத்தைச் சுற்றி வரும் பத்து நிமிடத்தில் இவ்வளவுதானா என்று தோன்றிவிடும். அதில் தவறில்லை. இந்த இடத்தில் பார்க்க வேண்டியது கட்டடம் அல்ல. அதற்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஓடும் தண்ணீர்.

அந்தத் தண்ணீர்த் தோட்டத்தை வடிவமைப்பதில் முக்கியப் பங்கு ஓவியர் தாமஸ் டேனியலுடையது. தோட்டக்கலையில் பெயர்பெற்ற ஹம்ப்ரி ரெப்டனும் ஆலோசனை சொன்னார். டேனியலை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 1786 முதல் 1793 வரை தம் சகோதரர் மகன் வில்லியமுடன் இந்தியாவில் சுற்றியவர் அவர். 1792இல் தெற்கே இறங்கி மதுரை, பாபநாசம், ராமேசுவரம், தஞ்சாவூர், திருச்சி என்று வரைந்துகொண்டே போனவர். தஞ்சைப் பெரிய கோயில் இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் எப்படி இருந்தது என்று நமக்குக் காட்டும் படங்களில் அவருடையதும் ஒன்று. தமிழ்நாட்டுக் கோபுரங்களைக் கண்ணாரக் கண்ட இந்த மனிதருடைய கை பட்ட இடத்தில், கோபுரத்தின் சாயல் எதுவும் இல்லை. குவிமாடமும் வளைவும் வங்காளத்திலும் டெல்லியிலும் இருந்தவர்களுக்குப் பழகியவை. அவையே போதும் என்று வீட்டுக்காரர் நினைத்திருக்கலாம். ஆனால் நந்தி வந்துவிட்டது.

வண்டிப்பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு பாலம். அதன் கைப்பிடிச் சுவர்மேல் நந்திகள் கால் மடக்கிப் படுத்திருக்கின்றன. அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவற்றில் ஒன்றின் அருகே போய், திமிலையும் கழுத்தையும் நெற்றியையும் வெகு நேரம் பார்த்தார். வேலை சுத்தம்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு விரலால் அதன் முதுகைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு பிரதோஷத்துக்குக்கூட எண்ணெய் சாத்தியிருக்க மாட்டாங்கடா" என்றார். நம் ஊர் நந்திகள்மேல் தலைமுறை தலைமுறையாக ஊறியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் வாடிய அறுகம்புல் வாசனையும் இல்லாத நந்தியை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மழையில் கழுவிக் கழுவித் துடைத்துவிட்டது போல் இருந்தது அது.

பாலத்துக்கு அடியில், ஓடைக்கு நடுவே நடந்து போக வசதியாகக் கற்கள் போட்டிருக்கிறார்கள். மும்பை அருகே உள்ள எலிஃபெண்டா குகையின் தூண்களை நினைத்துச் செய்த தடித்த தூண்கள் பாலத்தைத் தாங்குகின்றன. அவற்றுக்கு இடையே உட்கார ஓர் இருக்கையும் உண்டு. தலைக்கு மேலே வண்டிப்பாதை, காலுக்கு அருகே தண்ணீர், கண்ணுக்கு எதிரே மரத்தண்டைச் சுற்றிக்கொண்டு தலை தூக்கும் மூன்று தலைப் பாம்பு. அதன் வாயிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மேலே, ஓடை தொடங்கும் இடத்தில், குளக்கரையில் சூரியனுக்கு ஒரு சிறு கோயில். அங்கிருந்து தண்ணீர் ஒவ்வொரு குளமாக நிரம்பி, வழிந்து, கீழ்க் குளத்துக்கு இறங்குகிறது. இரு கரையிலும் குடை போல் விரிந்த இலைகள், மூங்கில், ஜப்பானிய மேப்பிள், ஈரத்தில் வளரும் சிறு பூச்செடிகள். கோயிலும் பாம்பும் தனியாக நின்றிருந்தால் பொருட்காட்சி பொம்மைகளைப் போலத்தான் இருந்திருக்கும். தண்ணீரும் நிழலும் பாசியும் இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்து அவற்றை இந்த மண்ணுக்குரியவையாக ஆக்கிவிட்டன. அன்று பிற்பகலில் முக்கால் மணி நேரம் அந்தப் பாலத்தடியில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தவிர இரண்டே பேர்தான் அந்தப் பக்கம் வந்தார்கள். அம்மாவால் அந்தக் கற்களின் மேல் நடக்க முடியாது. அவர் மேலே புல்வெளியில் உட்கார்ந்துகொண்டார். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

வீட்டின் தென்புறத்தில் உள்ள பாரசீகப் பாணித் தோட்டம் 1968இல் அமைத்தது. 1944இல் இந்த இடத்தை வாங்கிய கிளைன்வோர்ட் குடும்பம், இந்தியாவுக்குப் போய்வந்த பின் உருவாக்கியது அது. நடுவே நீண்ட வாய்க்கால்; இரு புறமும் காவலர் போல் நிமிர்ந்து நிற்கும் மரங்கள். காஷ்மீரிலோ ஷிராஸிலோ அங்கே சைப்ரஸ் நிற்கும். இங்கே குளிர் தாங்கும் ஐரிஷ் யூ என்ற பசுமை மாறாத மரத்தை நட்டிருக்கிறார்கள். அந்த மாற்று எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தோட்டமாக அது கொஞ்சம் விறைப்பானது. படம் எடுத்துக்கொள்ள ஏற்ற இடம், உட்கார ஏற்ற இடமல்ல.

ஒரு முக்கியமான நடைமுறை விஷயம்: சீசின்கோட் இன்றும் ஒரு குடும்பம் வசிக்கும் வீடு. தோட்டம் வாரத்தில் சில நாட்கள், அதுவும் பிற்பகலில் மட்டுமே திறந்திருக்கும். வீட்டுக்குள் அழைத்துச் சென்று காட்டுவது கோடை மாதங்களில் மட்டும்தான். முதல் முறை நான் இதைப் பார்க்காமல் சனிக்கிழமை போய், பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அன்று கிடைத்த ஆறுதல், போர்ட்டன்-ஆன்-த-ஹில் கிராமத்திலிருந்து லாங்பரோ கிராமத்துக்குப் போகும் பொது நடைபாதை. அது இந்தத் தோப்பின் ஊடாகவே செல்கிறது; ஆட்டு மந்தைக்கு அப்பால், மரங்களுக்கு மேலே செப்புக் குவிமாடம் எட்டிப் பார்க்கும். காசு கொடுக்காமல் கிடைக்கும் அந்தக் காட்சி, உள்ளே போய்ப் பக்கத்தில் நின்று பார்ப்பதைவிட அழகு என்பது என் கட்சி.

போர்ட்டன்-ஆன்-த-ஹில்லிலேயே சாலையோரத்தில் போர்ட்டன் ஹவுஸ் தோட்டம் இருக்கிறது. மூன்று ஏக்கர்தான். 1570 என்று ஆண்டு பொறித்த ஒரு பெரிய கல் களஞ்சியம் அங்கே உண்டு. சிறிய தோட்டம், ஒழுங்காகச் செதுக்கிய செடிகள், பெரும்பகுதி சமதளம். ஒரு மணி நேரத்தில் நிம்மதியாகப் பார்த்துவிடலாம். அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பேட்ஸ்ஃபோர்ட் மரத்தோட்டம் ஊருக்கு வடமேற்கே ஒன்றரை மைல். ஏறக்குறைய 56 ஏக்கர் மலைச்சரிவு. ரீட்ஸ்டேல் மண்டபத்தைக் கட்டுவித்த ஆல்ஜர்னன் மிட்ஃபோர்ட், 1866 முதல் 1870 வரை ஜப்பானில் பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்தவர். 1886இல் இந்தச் சொத்து கைக்கு வந்ததும் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார். வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் மூங்கிலையும் ஜப்பானிய மரங்களையும் நட்டு, ஓடைகளைத் திருப்பி, வெண்கலப் புத்தரை அமர்த்தினார். பிற்காலத்தில் பெயர்பெற்ற, சர்ச்சைக்கும் பஞ்சமில்லாத மிட்ஃபோர்ட் சகோதரிகளுக்கு இவர் தாத்தா. 1919இல் சொத்து கைமாறியது. பின்னர் டல்வர்ட்டன் பிரபுக்களில் இரண்டாமவர் 1950களின் நடுவிலிருந்து பல்லாண்டுகள் மரங்களைச் சேர்த்துத் தோட்டத்தை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தார். வீட்டை வெளியிலிருந்து பார்க்கலாம். உள்ளே அனுமதி இல்லை.

பேட்ஸ்ஃபோர்டின் நிறைகுறை முழுவதும் நாம் போகும் மாதத்தைப் பொறுத்தது. ஜப்பானியச் செர்ரி மரங்களின் தேசியத் தொகுப்பு இங்கேதான் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் போனால் சரிவு முழுவதும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும், அந்தப் பூ ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்தும்விடும். மே மாதத்தில் கைக்குட்டை மரம். சீனத்துத் தாவரமான அது, கொடியில் காயப்போட்ட சிறு துணிகளைப் போலக் கிளை நெடுக வெள்ளை இலைகளைத் தொங்கவிடும். பூவென்று நாம் நினைப்பது பூவைச் சுற்றிய அந்த இலைகளைத்தான். அக்டோபர் நடுவில் மேப்பிள்கள் சிவக்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். எனக்குப் பிடித்த பருவமும் அதுவே. அம்மாவை நான் அழைத்துப் போனது ஜூலையில். அப்போது எல்லாம் ஒரே பச்சை. "நிழல் நல்லா இருக்கு, மரமெல்லாம் நம்ம கொடைக்கானல் மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. புத்தரின் முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். பின்னால் வந்த ஐந்து வயதுச் சிறுவன் அதைப் பார்த்துவிட்டுத் தன் காலணியையும் கழற்றத் தொடங்கினான். அவனுடைய தாய் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

சரிவு என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல; பாதைகளில் சில செங்குத்தாகவே ஏறுகின்றன, மழை பெய்த மறுநாள் வழுக்கும். உட்காரப் பெஞ்சுகள் போதுமான அளவு இருக்கின்றன. நுழைவாயிலில் செடி விற்கும் கடையும் உணவகமும் உண்டு. உணவகத்தில் உருளைக்கிழங்கை முழுதாகச் சுட்டுத் தந்தார்கள். வெண்ணெயும் மிளகுத்தூளும் போட்டுக்கொண்டு அம்மா திருப்தியாகச் சாப்பிட்டது அங்கேதான். இங்கே ஒரு புத்தர், ஒரு சிங்கம், ஓர் ஓய்வு மண்டபம் என்று பொருள்கள் சிதறிக் கிடப்பதாக முதலில் தோன்றலாம். மரங்கள் அவற்றைவிட உயரமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்துவிட்டதால், திரும்பும் இடத்தில் திடீரென்று எதிர்ப்படும்போது அவை அந்தச் சரிவிலேயே முளைத்தவை போல் இருக்கின்றன. சீசின்கோட்டின் தென்புறத் தோட்டத்துக்குக் கிடைக்காதது அதுதான். அதற்கு வயதும் போதாது, அதன் நேர்கோடுகள் அதற்கு இடமும் தராது.

மரத்திலும் பூவிலும் ஆர்வமில்லாதவர்கள் குழுவில் இருந்தால், ஊருக்குத் தென்கிழக்கே நான்கைந்து மைலில் சாஸில்டன் மாளிகை இருக்கிறது. கம்பளி வியாபாரத்தில் பொருள் ஈட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர் 1607க்கும் 1612க்கும் இடையில் கட்டிய வீடு. பின்வந்தவர்களிடம் புதுப்பிக்கப் பணமில்லாததால், பழமை அப்படியே தங்கிவிட்டது. 1991இல் பொறுப்பேற்ற, பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, மெருகேற்றாமல், மேலும் சிதையாமல் காப்பதோடு நிறுத்திக்கொண்டது. மரச் சுத்தியால் பந்தை வளையங்களுக்குள் தட்டிவிடும் குரோக்கே ஆட்டத்தின் விதிகளை 1860களில் வகுத்தவர் இந்த வீட்டைச் சேர்ந்தவர். புல்வெளியில் அந்த வளையங்கள் இன்றும் உண்டு. தோட்டம் சுமார்தான்.

வடக்கே பத்து மைல் தள்ளி, சாலையின் இருபுறமும் எதிரெதிர் வீடுகளைப் போல இரண்டு தோட்டங்கள் இருக்கின்றன: ஹிட்கோட், கிஃப்ட்ஸ்கேட். பெரும்பாலோர் ஹிட்கோட்டைப் பார்த்து அலுத்துவிட்டு, கிஃப்ட்ஸ்கேட்டை விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அது பெரிய நஷ்டம்.

ஹிட்கோட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. அமெரிக்கப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்த லாரன்ஸ் ஜான்ஸ்டனுக்காக அவருடைய தாய் 1907இல் வாங்கிய பண்ணை அது. வெறும் வயலாகக் கிடந்த குன்றின்மேல், உயரமான வேலிச் செடிகளைச் சுவர்களாக எழுப்பி, அறை அறையாகத் தோட்டத்தைப் பிரித்தார் அவர். ஒன்றில் வெள்ளைப் பூக்கள் மட்டும், ஒன்றில் வட்டமான நீர்த்தொட்டி மட்டும், அடுத்ததில் நீண்ட புல்வெளி மட்டும். ஓர் அறையிலிருந்து பார்த்தால் அடுத்ததில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை, மூன்றாவது வேலியைத் தாண்டியதும், "ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு போயிட்டே இருக்கே, கொல்லை எப்ப வரும்?" என்று கேட்டார். கொல்லை வந்தது. மேடான புல்வெளிப் பாதையின் முடிவில் வாயிற்கதவுக்கு அப்பால் நிலம் சட்டென்று கீழே விழுந்து, ஈவ்ஷம் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்தது. அத்தனை அடைப்புக்குப் பிறகு கிடைக்கும் அந்தத் திறப்புக்காகத்தான் ஜான்ஸ்டன் அவ்வளவு வேலிகளை வளர்த்தாரோ என்று நினைக்க வைக்கும் இடம்.

இன்னொன்றையும் அம்மா கண்டுபிடித்தார். ஹிட்கோட்டில் பெயர்பெற்ற சிவப்புப் பாத்திகளில், டேலியாவுக்கும் செம்பு நிற இலைகளுக்கும் நடுவே, அரசவையில் போல் நின்றுகொண்டிருந்தது கல்வாழை. எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்துச் சாக்கடை ஓரத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீரில் யாரும் கவனிக்காமலே மண்டி வளர்ந்த அதே கல்வாழை. இங்கே பனிக்காலத்தில் கிழங்கு அழுகிவிடாமல் தோண்டி எடுத்து, பத்திரப்படுத்தி, வெயில் வந்ததும் மறுபடி நடுகிறார்கள் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. பக்கத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் தலையாட்டி உறுதிப்படுத்திய பிறகும், பாதி நம்பிக்கையோடுதான் நகர்ந்தார்.

ஜான்ஸ்டன் 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கும் 1931இல் சீனத்து யுன்னானுக்கும் செடி தேடிப் போனவர். குளிர் தாங்காத அந்தச் செடிகளுக்கென்று இங்கே தனி வீடே கட்டியவர். 1948இல் இந்த இடத்தை நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார். மாளிகைக்காக அல்லாமல் தோட்டத்துக்காகவே அந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட முதல் இடம் இதுதான். இன்று அந்தப் புகழே இதற்குச் சுமையாகவும் ஆகிவிட்டது. இரண்டு பேர் பேசிக்கொண்டு நடப்பதற்காகப் போட்ட பாதைகளில் சுற்றுலாப் பேருந்தில் வந்த ஐம்பது பேர் வரிசையாக நுழையும்போது, அறை என்பது ரயில் பெட்டியாகிவிடுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குப் போகாதீர்கள். பிற்பகல் மூன்றரைக்கு மேல் பேருந்துகள் கிளம்பிய பிறகு போங்கள். சக்கர நாற்காலியில் எல்லா அறைகளுக்கும் போக முடியாது. இடையிடையே படிகளும் குறுகலான கற்பாதைகளும் உண்டு.

எதிரே இருக்கும் கிஃப்ட்ஸ்கேட் கோர்ட் ஒரு குடும்பத்தின் வீடு. மூன்று தலைமுறைப் பெண்கள் வளர்த்த தோட்டம்: முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஹெதர் மியூர் தொடங்கினார், அவர் மகள் டயனி பின்னி தொடர்ந்தார், பிறகு அவர் மகள். வீட்டின் முகப்பே ஒரு வேடிக்கையான கதை. தூண்களோடு கம்பீரமாக நிற்கும் அந்த முகப்பு முதலில் கீழே மிக்கில்டன் கிராமத்து மாளிகையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கழற்றி, அதற்கென்றே போட்ட சிறு ரயில்பாதையில் மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

ஹிட்கோட்டில் எங்கு பார்த்தாலும் திட்டம் தெரியும். கிஃப்ட்ஸ்கேட்டில் செடிகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, பாதைக்குள் நீட்டிக்கொண்டு, வீட்டுக்காரி நேற்றுத்தான் இதை இங்கே நட்டுப் பார்த்தாள் என்பது போல் நிற்கின்றன. வீட்டுக்குப் பின்னால் மலை செங்குத்தாக இறங்குகிறது. பைன் மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் படிப்பாதை அரைவட்ட நீச்சல் குளம் ஒன்றில் முடிகிறது. அந்தக் குளத்தின் விளிம்பில் நின்றால் தண்ணீரும் தொலைவில் உள்ள வயல்களும் ஒட்டிக்கொண்டது போல் தெரியும். மேலே, முன்பு டென்னிஸ் ஆடுகளமாக இருந்த இடத்தில், யூ வேலிக்குள் கரிய நீர்த்தொட்டி ஒன்று. அதிலிருந்து எழும் மெல்லிய தண்டுகளின் உச்சியில் 24 பொன் முலாம் பூசிய வெண்கல இலைகள். பூவே கிடையாது. மற்ற இடமெல்லாம் நிறம் குழப்பியடித்த பிறகு, அங்கே கண் ஓய்வெடுக்கிறது. புதிதாகச் செய்து வைத்த ஒன்று பழைய தோட்டத்தில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அம்மா கீழ்க் குளத்துக்கு இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. மேல்தளத்திலேயே ஒன்றரை மணி நேரம் அவருக்குப் போதுமான அளவு இருந்தது.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை இங்கே வருபவர்கள் தேடுவது, இந்த வீட்டின் பெயரையே கொண்ட ரோஜாவை. 1930களின் இறுதியில் வேறு ரகம் என்று நினைத்து ஹெதர் மியூர் வாங்கி நட்ட செடி அது. இன்று பக்கத்தில் இருக்கும் பெரிய பீச் (beech) மரத்தின்மேல் ஏறி, மாடி உயரத்தைத் தாண்டி, இங்கிலாந்திலேயே மிகப் பெரிய ரோஜா என்று சொல்லும் அளவுக்குப் படர்ந்துவிட்டது. ஒவ்வொரு பூவும் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதுதான். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள். ஆனால் நூற்றுக்கணக்கில் கொத்துக் கொத்தாக மரத்திலிருந்து வழிகின்றன. கீழே நின்றபோது முதலில் வந்தது வாசனை அல்ல, தேனீக்களின் இரைச்சல்.

நுழைவாயில் அருகே அதன் கன்றுகளைத் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். முழங்கை உயரம்கூட இல்லாத கன்று ஒன்றை அம்மா கையில் எடுத்துவிட்டார். பணம் வாங்கும் இடத்தில் இருந்த பெண்மணி மரியாதையாக எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் தோட்டம் எவ்வளவு பெரியது? ரெடிங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம் பதினைந்து அடிக்கு இருபது அடி. அதிலும் பாதி இடம் குப்பைத்தொட்டிகளுக்கும் மிதிவண்டிக்கும். அவர் கன்றை மெதுவாக வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்துத் தட்டிலிருந்து ஹிட்கோட் லாவெண்டர் தொட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் அம்மா. மூன்று ஆண்டுகளாகச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் ஞாயிற்றுக்கிழமைகளில், அதற்குத் தண்ணீர் அதிகம் ஊற்றாதே என்று இன்னமும் சொல்கிறார்.